கடலை போடற இடம் இல்லீங்க இது!

‘தே-ஆய் மொக்குதெக்கி ஓகொதோவாரி.’

ஏதோ மந்திரம் மாதிரி இருக்கா? ஜப்பானிய மொழி கத்துக்கப் போறேன்னு ஒரு மொழிப் பரிமாற்ற ஆப்புக்குள்ள காலடி வெச்ச அன்னிக்கு என் கண்ல பட்ட முதல் வாக்கியம் இதுதான். ஒரு பொண்ணோட புரொஃபைல்ல இருந்தது. சரி, ஏதோ ஜப்பானியத் தத்துவம் போலிருக்குன்னு நினைச்சேன். அடுத்த புரொஃபைல்லயும் அதே. அதுக்கடுத்த ஆளுகிட்டயும் அதே. காப்பி பண்ணி மொழிபெயர்ப்புல போட்டுப் பார்த்தா... ‘ஜோடி தேடி வர்றவங்க மன்னிக்கவும், அப்படியே திரும்பிப் போயிடுங்க!’

நம்ம ஊர் காம்பவுண்டு சுவர்ல ‘நோட்டீஸ் ஒட்டாதீர்’னு எழுதி வைப்பாங்களே, அந்த மாதிரி. எவ்வளவு பேர் நோட்டீஸ் ஒட்டியிருந்தா சுவர்ல அப்படி எழுதுவாங்க, யோசிச்சுப் பாருங்க.

அந்த ‘தே-ஆய்’ங்கிற வார்த்தைக்கு ஒரு சோகக்கதை இருக்கு. அதோட நிஜ அர்த்தம் சாதாரண ‘சந்திப்பு’தான். ஒரு நல்ல நண்பரைச் சந்திச்சாலும் அதே வார்த்தை. செல்போன்ல ஜோடி தேடித் தர்ற தளங்கள் ஜப்பான்ல பெருகினப்போ அதுங்களுக்கு ‘தே-ஆய்-கெய்’னு பேரு வந்துச்சு. சின்னப் பசங்களை வலையில விழவைக்க அந்தத் தளங்களைச் சிலர் பயன்படுத்த, அதைத் தடுக்க 2003-ல தனிச்சட்டமே போட்டாங்க. பாவம், சந்திப்புங்கிற நல்ல வார்த்தை பேர் கெட்டுப்போச்சு. நம்ம காலேஜ்ல கடலைங்கிற அப்பாவிப் பயறுக்கு ஆன கதிதான்!

சரி, அடுத்தவங்களைச் சொல்றதுக்கு முன்னால என் சொந்த பல்பு கதையைச் சொல்லிடறேன். ஃபுஜி மலைக்கு முன்னால நின்னு எடுத்த போட்டோ வெச்சிருந்த ஒருத்தருக்கு, அப்போ எனக்குத் தெரிஞ்ச நாலு வாக்கியத்துல ஒண்ணை எடுத்து விட்டேன். ‘கிரெய் தெஸ் நே.’ அதாவது, ‘அழகா இருக்கு இல்ல?’ ஜப்பானிய மொழியும் தமிழ் மாதிரியேதான். எழுவாயை முழுங்கிட்டுப் பேசலாம். எது அழகு, யார் அழகுன்னு சொல்லாமலே வாக்கியம் முடிஞ்சிடும். நான் சொன்னது மலையை. சத்தியமா மலையைத்தான். சரி, பாதிக்கு மேல மலையைத்தான்! அடுத்த நிமிஷம் பிளாக். இலக்கணப்படி வாக்கியத்துல ஒரு தப்பும் இல்லைங்கிறது மட்டும்தான் ஆறுதல்.

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற மேட்டர்னுதான் நானும் நினைச்சிருந்தேன், என் சித்தப்பா பொண்ணு போன் பண்ற வரைக்கும்.

கோயமுத்தூர்ல இன்ஜினீயரிங் படிக்கறா. கொரிய சீரியல் பார்த்துப் பார்த்து ஆரம்பிச்ச ஆசை, அப்புறம் சீரியஸாவே படிக்க ஆரம்பிச்சுட்டா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் 1998-ல கார் தயாரிக்க ஆரம்பிச்சதுல இருந்து, கொரிய மொழி தெரிஞ்சவங்களுக்கு நம்ம ஊர்லயே வேலை இருக்கு. மொழிபெயர்ப்பாளர் ஆகணும்ங்கிறது அவளோட பிளான். டோபிக் பரீட்சைக்குப் புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சிருந்தா. ஆனா வாயைத் திறந்தா காத்துதான் வரும். அந்தப் பரீட்சையில கேட்கறது, படிக்கறது, மேல் நிலையில எழுதறது... இவ்வளவுதான். ஜப்பானிய ஜே.எல்.பி.டி இன்னும் மோசம். ஐந்து நிலையிலயும் பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. சரியான விடைக்குக் கறுப்புப் பொட்டு வெச்சா போதும். சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு இன்டர்வியூல பேந்தப் பேந்த முழிக்கறவங்க நிறையப் பேர். அதனால பேசிப் பழக ஒரு மனுஷன் வேணும். சியோலுக்கு டிக்கெட் எடுக்க வசதியில்லாத பொண்ணுக்கு இந்த ஆப்தான் ஒரே ஜன்னல்.

ஜன்னலைத் திறந்தா கொசுக் கூட்டம். ராத்திரி அக்கவுன்ட் ஆரம்பிச்சுட்டுத் தூங்கியிருக்கா. காலையில இன்பாக்ஸ் ரொம்பி வழியுது. ‘ஹாய் டியர்’, ‘யூ ஆர் ஸோ க்யூட்’, ‘சிங்கிளா?’ கொரியாவுல இருந்து வந்தது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் நம்ம நாட்டுப் பசங்களும், கொரிய மொழிக்கே சம்பந்தம் இல்லாத எங்கெங்கோ நாட்டு ஆசாமிகளும். ஒரு ஆள் எடுத்த எடுப்புலயே, ‘என்னை ஓப்பான்னு கூப்பிடு’ன்னு கேட்டிருக்கார். ஓப்பான்னா ஒரு பொண்ணு தன் அண்ணனைக் கூப்பிடற முறை. காதலனையும் அப்படிக் கூப்பிடுவாங்க. அவர் கேட்டது எந்த அர்த்தத்துலன்னு சொல்லணுமா என்ன?

“நான் ‘சரிங்ணா’ன்னு தமிழ்லயே டைப் பண்ணி அனுப்பிட்டேன். ஆளையே காணோம்!”னு சிரிச்சா. அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு. “அண்ணா, இதுக்கு நான் மேட்ரிமோனியல்லயே சேர்ந்திருப்பேனே. டெலிட் பண்ணிட்டேன்.”

யாரோ ஜொள்ளு விட்டான், யாரோ பிளாக் பண்ணாங்க... கதை அதோட முடியறதில்லை பாஸ். நிஜமாவே படிக்க வந்த ஒருத்தி கதவைச் சாத்திட்டுப் போயிட்டா. இப்படிப் போனவங்க எத்தனை பேரோ! பொண்ணுங்க போகப் போக, உள்ளே மிஞ்சறது யாருன்னு நினைக்கறீங்க? கடலை போட வந்த பசங்களும், அவங்களுக்கு வலை விரிக்கற ஃபிராடுங்களும்தான்.

அது சரி, படிக்கற இடம் எப்படி ஜோடி தேடற இடமா மாறுது? கொஞ்சம் உத்துப் பாருங்க. முகத்தைக் காட்டற போட்டோ, வயசு, ஊர், இப்போ ஆன்லைன்ல இருக்காங்களான்னு காட்டற பச்சைப் புள்ளி, தனிச் செய்தி அனுப்ப ஒரு பட்டன். டேட்டிங் ஆப்புக்கும் இதே எலும்புக்கூடுதான். பேர்ப்பலகை மட்டும் வேற. அதுவும் போக, மொழி கத்துக்கறது மாசக்கணக்கான வேலை. ‘நீங்க அழகு’ன்னு சொல்றது ஒரு செகண்ட் வேலை. திட்டம் எதுவும் இல்லாம ஆரம்பிக்கற எந்த சாட்டும் மூணாவது நாள் ‘வேற என்ன?’ல வந்து நிக்கும். ‘வேற என்ன’ன்னு ஒருத்தர் கேட்டுட்டா அதுக்கப்புறம் கடலைதான். அதனால கெட்ட எண்ணத்தோட வர்றவனைவிட, பேச விஷயம் இல்லாம வழி தவறிப் போறவங்கதான் அதிகம்ங்கிறது என் கணிப்பு.

இந்த ஜோடி சேர்ந்து படிக்கற முறை ஆப்புக்கெல்லாம் முன்னாலயே பிறந்தது. இரண்டாம் உலகப் போர்ல எதிரும் புதிருமா நின்ன பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் 1963 ஜனவரியில நட்பு ஒப்பந்தம் போட்டாங்க. கையெழுத்துப் போட்டது டி கால், அடினாவர் ரெண்டு பேரும். அதே வருஷம் ரெண்டு நாட்டு இளைஞர்களைச் சந்திக்க வைக்கறதுக்குன்னே ஒரு பொது அலுவலகம் திறந்தாங்க. அந்த முகாம்கள்ல, ஒரு பிரெஞ்சு பையன், ஒரு ஜெர்மன் பையன்னு ஜோடி சேர்த்து, ‘நீ இவனுக்குச் சொல்லிக்கொடு, இவன் உனக்குச் சொல்லித் தருவான்’னு விட்டாங்க. ரெண்டு பேர் சேர்ந்து மிதிக்கற சைக்கிள் இருக்கே, டேண்டெம், அந்தப் பேரே இந்த முறைக்கு நிலைச்சுடுச்சு. பெர்லின்ல இருந்து வர்ற ஒரு பிரபல ஆப் அந்தப் பேரையே வெச்சுக்கிட்டிருக்கு. 1990-கள்ல ஜெர்மனியோட போஹும் பல்கலைக்கழகத்துல இருந்து ஹெல்முட் பிராமெர்ட்ஸ்ங்கிறவர் முன்ன நின்னு, பல நாட்டு மாணவர்களை ஈமெயில்ல ஜோடி சேர்த்துவிட்டார். அப்புறம் 2012-ல ஹலோடாக் வந்தது, விஷயம் போனுக்குள்ள புகுந்துடுச்சு.

ஈமெயில் காலத்துலயே ரெண்டே ரெண்டு விதியை அழுத்திச் சொல்லியிருக்காங்க. ஒண்ணு, கொடுக்கல் வாங்கல் சமமா இருக்கணும். பாதி நேரம் என் மொழி, பாதி நேரம் உன் மொழி. ரெண்டாவது, எனக்கு என்ன கத்துக்கணும்னு நான்தான் முடிவு பண்ணணும், அதுக்கு நானே பொறுப்பு. இந்த ரெண்டும் இருந்தா கடலை தானா வறண்டு போயிடும்ங்கிறதை அப்போ யாரும் யோசிச்சிருக்க மாட்டாங்க. ஆனா நிஜம் அதுதான். அரை மணி நேரம் கொரியன், அலாரம், அரை மணி நேரம் இங்கிலீஷ்னு வெச்சுக்கிட்டா, ‘தனியா இருக்கியா?’ன்னு கேட்க நேரம் ஏது?

என் தங்கச்சியை மறுபடி உள்ளே கூட்டிட்டு வர எனக்கு மூணு வாரம் ஆச்சு. இந்தத் தடவை ரெண்டு பேரும் உட்கார்ந்து, ஃபார்ம் நிரப்பற மாதிரி செட்டிங்ஸை நோண்டினோம். யார் தேடல்ல நாம வரணும், எந்த வயசுக்காரங்க செய்தி அனுப்பலாம், ஒரே பாலினத்தவர் மட்டும் போதுமாங்கிற தடுப்புகள் எல்லாம் உள்ளேயே இருக்கு. யாரும் திறந்து பார்க்கறதில்லை, அவ்வளவுதான். செல்ஃபியை எடுத்துட்டு, அவ படிக்கற மேஜையோட போட்டோவைப் போட்டோம். புரொஃபைல்ல ‘ஐ லவ் கொரியா’வை அடிச்சுட்டு, ‘வர்ற பரீட்சைக்குப் படிக்கறேன். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம். பாதி கொரியன், பாதி இங்கிலீஷ்’னு எழுதினோம். எதுக்கு வந்திருக்கோம்னு கணக்கா எழுதினா, கணக்கா இருக்கறவங்கதான் பதில் போடறாங்க.

அதைவிட உருப்படியான ஐடியா அவளே கண்டுபிடிச்சது. யாருக்கும் முதல்ல தனிச் செய்தி அனுப்பறதில்லை. எல்லாரும் பார்க்கற மாதிரி பொதுவுல ஆளுங்க நாலு வரி எழுதிப் போடுவாங்க இல்லையா, அங்கே போய் அவங்க இங்கிலீஷைத் திருத்திக் கொடுப்பா. தப்பான வார்த்தையை அடிச்சு, பக்கத்துலயே சரியானதை எழுதற வசதி இருக்கு. பதிலுக்கு அவ எழுதறதை யார் பொறுமையாத் திருத்தறாங்கன்னு பார்ப்பா. ரெண்டு வாரம் ஒருத்தர் தொடர்ந்து திருத்தினா, அவர் படிக்க வந்தவர்தான். ஜொள்ளுப் பார்ட்டிக்கு இலக்கணத்தைத் திருத்தற பொறுமை கிடையாது!

நம்ம பக்கமும் தப்பு இருக்கு மக்கா, ஒத்துக்கணும். அதுல பாதி வேணும்னு பண்றது இல்லைங்கிறதுதான் வேடிக்கை. லீவ் லெட்டர்ல இருந்து எல்லாத்துக்கும் ‘டியர்’ போட்டுப் பழகின நாம, சாட்லயும் ‘ஹலோ டியர்’ங்கறோம். முன்னப் பின்னத் தெரியாத ஆள் சாட்ல அப்படிக் கூப்பிட்டா, ‘செல்லமே’ன்னு கூப்பிட்ட மாதிரி இருக்கும் அவங்களுக்கு. ‘சாப்டாச்சா?’ன்னு கேட்காம நமக்குப் பேச்சே ஆரம்பிக்காது. ஜெர்மன்காரருக்கு, ‘நான் சாப்பிட்டா என்ன, சாப்பிடாட்டி இவனுக்கென்ன?’ன்னு தோணலாம். ஆனா கொரியாக்காரங்ககிட்ட தைரியமாக் கேட்கலாம். ‘பாப் மொகொஸ்ஸொயோ’ன்னு அவங்களும் அதேதான் கேட்பாங்க. அம்மாவை ‘ஒம்மா’, அப்பாவை ‘அப்பா’ன்னே கூப்பிடற ஊராச்சே!

எதிர்ப்பக்கமும் இப்படித்தான். பேச ஆரம்பிச்ச உடனே கொரியாக்காரர் வயசு கேட்டா, ‘ஆஹா, ரூட் விடறான்’னு பாயாதீங்க. பெரியவரா சின்னவரான்னு தெரியாம அந்த மொழியில வினைச்சொல்லை முடிக்கவே திணறணும். ஜெர்மன் ஆள் உங்களை ‘டூ’ன்னு ஒருமையில கூப்பிட்டாலும் மனசுல மணி அடிக்க வேண்டாம். மாணவர்களுக்குள்ள அங்கே எல்லாரும் ‘டூ’தான்.

இதுல ஒரு நல்ல வேலியும் இருக்கு. ஜப்பானிய மொழியில ‘தெஸ்’, ‘மாஸ்’னு முடியற மரியாதை நடை. பேருக்குப் பின்னால ‘சான்’. கொரியன்ல ‘யோ’. நம்ம ‘ங்க’ மாதிரி. பாடப்புத்தகம் முதல்ல அதைத்தான் சொல்லித் தருது. அதையே கடைசி வரைக்கும் பிடிச்சுக்கோங்க. ‘நீங்க, வாங்க’ன்னு பேசற வரைக்கும் பேச்சு எல்லை தாண்டறது கஷ்டம். எதிராளி அவசர அவசரமா ‘சான்’ஐக் கழட்டினா, அதுவே சிக்னல்.

இன்னொரு சிக்னல், ‘இங்கே வேண்டாம், வாட்ஸ்-அப்புக்கு வாயேன்’. ரெண்டாவது நாளே கேட்டா யோசிக்காம வேண்டாம்னு சொல்லுங்க. ஆப்புக்குள்ள புகார் பட்டன் இருக்கு, பிளாக் இருக்கு. போன் நம்பர் கைமாறிட்டா அந்த வேலியைத் தாண்டி உங்க வீட்டு வாசலுக்கே வந்த மாதிரி.

பொண்ணுங்களுக்கு மட்டும்தான் இந்த அட்வைஸ்னு நினைச்சுப் பக்கத்தைப் புரட்டற பசங்களே, கொஞ்சம் நில்லுங்க. பர்ஸைப் பறிகொடுக்கப் போறது நீங்களாவும் இருக்கலாம். சினிமா நடிகை மாதிரி போட்டோ, உங்க மொழியைக் கத்துக்க உயிரையே விடற ஆர்வம், ஆனா ஒரு வாக்கியத்தைக்கூடத் திருத்தச் சொல்லிக் கேட்க மாட்டாங்க. ஒரு மாசம் தேன் ஒழுகப் பேச்சு. அப்புறம், ‘எங்க மாமா கிரிப்டோ கரன்சியில கை தேர்ந்தவர்’னு ஆரம்பிக்கும். இந்த மோசடிக்குச் சீனாவுல வெச்ச பேரே ‘பன்றி வெட்டு’. கொழுக்க வெச்சு அப்புறம் வெட்டறாங்களாம். இன்னொரு பழைய டெக்னிக், ‘உனக்குப் பரிசு அனுப்பினேன், ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு, பணம் கட்டு’. மூணாவது, ராத்திரி வீடியோ கால்ல ஆசை காட்டி, உங்களைப் பதிவு பண்ணிட்டு மிரட்டறது. மாட்டிக்கிட்டா மேல மேல பணம் அனுப்பாதீங்க. 1930-க்கு உடனே போன் பண்ணுங்க. மத்திய அரசோட தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளமும் இருக்கு. பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரைப் பேர் சொல்லாமலே அங்கே பதியலாம். வேண்டாம்னு தெளிவாச் சொன்ன பிறகும் ஒரு பொண்ணை ஆன்லைன்ல துரத்தினா, 2024 ஜூலையில அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோட 78-வது பிரிவுல அது குற்றம். ‘சும்மா விளையாட்டுக்கு’ங்கிற டயலாக் எல்லாம் ஸ்டேஷன்ல செல்லாது.

‘அப்போ இந்த ஆப்ல காதலே வரக்கூடாதா? அப்படிக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க இல்லையா?’ன்னு ஒரு ஃப்ரெண்ட் மடக்கினான். வரட்டும் தலைவா, யார் வேண்டாங்கறா! லைப்ரரியிலகூட காதல் வந்திருக்கு. அதுக்காக லைப்ரரிக்குள்ள நுழையறப்பவே கையில ரோஜாவோட போனா, லைப்ரரியன் வெளியே தள்ளுவாரா மாட்டாரா? ஆறு மாசம் சேர்ந்து படிச்ச ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் சம்மதம்னா அது அவங்க சொந்தக் கதை. நூறு பேருக்கு ‘ஹாய் டியர்’ அனுப்பி ஒண்ணாவது மாட்டுமான்னு பார்க்கறது வேற கதை.

நீங்க எந்தப் பக்கம்னு சந்தேகமா? உங்க பார்ட்னரோட கடைசி நூறு மெசேஜை மேல தள்ளிப் பாருங்க. எத்தனை நீங்க கத்துக்கற மொழியில இருக்கு? எத்தனை இடத்துல ஒருத்தரை ஒருத்தர் திருத்தியிருக்கீங்க? நான் பார்த்தேன். நூத்துக்கு ஒன்பது. வெட்கமாப் போச்சு.

அப்புறம், நம்மகிட்ட கொடுக்க என்ன இருக்குன்னும் யோசிங்க. எல்லாரும் இங்கிலீஷையே நீட்டறோம். தமிழையும் நீட்டிப் பாருங்களேன். 1998-ல ஜப்பான் தியேட்டர்கள்ல ‘முத்து’ ஓடினதுல இருந்து ரஜினிக்கு அங்கே ரசிகர்கள் இருக்காங்க. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டுன்னு வாதாடின சுசுமு ஓனோவும் அந்த ஊர்க்காரர்தான். அறிஞர்கள் பலரும் அதை ஏத்துக்கலை, அது வேற விஷயம். ஆனா ‘நான் வீட்டுக்குப் போறேன்’ங்கறதை வார்த்தைக்கு வார்த்தை அதே வரிசையில ‘வதாஷி வா இயெ நி இகிமாஸ்’னு சொல்லலாம்னு காட்டினப்போ, இப்போ என்கூடப் படிக்கற ஒசாகா தாத்தா அசந்துட்டார். ஆமா, தாத்தா. ரிட்டயர்டு ஆசாமி. ஃபுஜி மலை அழகுன்னு அவர்கிட்ட நிம்மதியாச் சொல்ல முடியுது.

தங்கச்சிக்குக் கிடைச்சது பூசான்ல ஒரு நர்ஸ். ரெண்டு குழந்தைங்களுக்கு அம்மா. அவங்க ஊர் நேரம் நம்மளைவிட மூணரை மணி நேரம் முன்னால. அதனால ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு இவ உட்கார்ந்தா, அங்கே ஒன்பது மணி, குழந்தைங்க தூங்கியிருக்கும். போன வாரம் நான் அங்கே இருந்தப்போ பேச்சு சுவாரஸ்யமாப் போயிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில ஊசி போடும்போது ‘கொஞ்சம் வலிக்கும்’னு இங்கிலீஷ்ல எப்படி இதமாச் சொல்றதுன்னு அந்தம்மா கேட்க, இவ அதையே கொரியன்ல எப்படின்னு திருப்பிக் கேட்க, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஊசி குத்திக்கிட்டிருந்தாங்க. நடுவுல நான், “ஏய், எனக்கும் ஒரு ஹலோ சொல்லிடு”ன்னேன்.

“அண்ணா, தள்ளு. அலாரம் அடிக்க இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு.”